டேப்லெட்டா, கைபேசியா: கொருக்குப்பேட்டை மாலை வகுப்பில் எது தாங்கியது?

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ஒரு மாடி அறையில், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் 26 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். 2022இல் ஒரு நன்கொடையாளர் தந்த பணத்தில் 4 டேப்லெட்டுகள் வாங்கினோம். மறு ஆண்டு, பெற்றோரும் நண்பர்களும் சேர்த்துக் கொடுத்த தொகையில் ஒரே மாடலைச் சேர்ந்த 6 கைபேசிகள் வாங்கினோம். இரண்டும் ஒரே அறையில், ஒரே பிள்ளைகளின் கைகளில் எப்படி உழைத்தன என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். அடுத்த முறை பணம் கைக்கு வந்தபோது கைபேசிகளையே வாங்கினேன். கடைக்காரரும் நண்பர்களும் "பிள்ளைகள் படிக்க டேப்தான் சரி" என்று அழுத்திச் சொன்ன பிறகும் ஏன் அப்படி முடிவு செய்தேன் என்பதை, இதே கேள்வியோடு இருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

வேறு இரண்டு வழிகளையும் யோசித்துப் பார்த்தோம். ஒன்று, வீட்டுக் கைபேசியையே கொண்டுவரச் சொல்வது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு நல்ல கைபேசி இருக்கும். அது துறைமுகத்துக்கோ காசிமேட்டுக்கோ வேலைக்குச் செல்லும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். அவர் வீடு திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் எந்தப் பிள்ளை பாடத்தைத் தொடர்ந்தது, எந்தப் பிள்ளை விட்டுப்போனது என்பதைத் தீர்மானித்தது அந்த ஒற்றைக் கைபேசிதான். அதை மறுபடியும் பிள்ளைகளின் தலையில் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. மற்றொன்று, மடிக்கணினி. 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் சில, எங்கள் பிள்ளைகளின் அண்ணன் அக்காக்களிடம் இன்னும் இருக்கின்றன. ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் பேட்டரி உயிரோடிருந்தது ஒன்றுகூட இல்லை. தட்டச்சும் நிரலாக்கமும் கற்பிப்பவர்களுக்கு மடிக்கணினிக்கு மாற்றில்லை. எங்கள் தேவை அதுவல்ல.

டேப்லெட்டின் பெரிய வலிமை திரை. நாங்கள் வாங்கியது 8.7 அங்குலம், கைபேசி 6.5 அங்குலம். எண்ணளவில் சிறிய வித்தியாசமாகத் தோன்றினாலும் இது மூலைக்கு மூலை அளக்கும் கணக்கு. பரப்பளவைப் பார்த்தால் டேப்லெட்டின் திரை கைபேசியினுடையதைப் போல இரு மடங்குக்குச் சற்று மேல். பாடநூலின் பிடிஎஃப் பக்கத்தைத் திறந்தால் டேப்லெட்டில் முழுப் பக்கத்தையும் அப்படியே வாசிக்கலாம். கைபேசியில் விரித்து, இழுத்து, மீண்டும் சுருக்கி வாசிக்க வேண்டும். வரைபடமும் அதன் குறிப்பும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. புவியியலில் இந்தக் குறையை நான் மிகவும் உணர்ந்தேன். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க டேப்லெட் போதும். கைபேசியை இரண்டு பேருக்கு மேல் பார்க்க முடியாது.

ஆனால் எங்கள் வகுப்பில் இந்தக் கருவிகளை வாசிப்பதற்கு அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அச்சிட்ட பாடநூல் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. 2018-19 முதல் வந்த புதிய பாடத்திட்ட நூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் அவற்றைப் படம்பிடித்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். புத்தகத்தின் மேல் குனிந்து குறியீட்டைப் பிடிக்கக் கைபேசி வாகாக இருக்கிறது. எங்கள் டேப்லெட்டில் பிளாஷ் விளக்கு இல்லை; மாலை நேரத்து மங்கிய வெளிச்சத்தில் ஒரு பிள்ளை பிடிக்க, இன்னொரு பிள்ளை புத்தகத்தை வெளிச்சத்துக்குச் சாய்க்க வேண்டியிருந்தது.

கைபேசியை நான் உண்மையாகவே விரும்பத் தொடங்கியது அறிவியல் வகுப்பில்தான். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் இருக்கும் உணரிகளை (சென்சார்களை) அளவுகருவிகளாக மாற்றுகிறது. பத்தாம் வகுப்பில் ஒலியியல் நடத்தும்போது, மொட்டைமாடியில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கைபேசிகளை வைத்தோம். அதிலுள்ள ஒலி நிறுத்துக் கடிகாரம் முதல் கைதட்டலில் ஓடத் தொடங்கி இரண்டாவது கைதட்டலில் நிற்கும். ஒரு முனையில் ஒரு பெண் தட்ட, மறுமுனையில் ஒரு பையன் தட்ட, இரு கடிகாரங்களும் காட்டும் நேரம் மாறுபடும். ஒவ்வொரு தட்டலும் எதிர்முனைக் கைபேசியை 10 மீட்டர் கடந்தே சென்றடைவதால், அந்த வேறுபாடு, ஒலி இருமுறை 10, அதாவது 20 மீட்டர் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐம்பத்தெட்டுப் பங்கு போல வந்தது. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 345 மீட்டரை ஒட்டிய விடை. கொருக்குப்பேட்டைச் சந்திப்பில் ரயில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் தானாக ஓடத் தொடங்கியதால் நான்கு முறை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் சூத்திரத்தில் மட்டும் பார்த்திருந்த எண்ணைத் தாங்களே கண்டுபிடித்துவிட்ட அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன். டேப்லெட்டிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்தான். ஆனால் ஒரு குழுவுக்கு இரண்டு கருவிகள் வேண்டும். 4 டேப்லெட்டுகள் இரண்டு குழுக்களுக்கே போதும். காந்தப்புலத்தை அளக்கும் உணரியோ எங்கள் டேப்லெட்டில் இல்லவே இல்லை, கைபேசியில் இருந்தது. ஒன்றுமே அருகில் இல்லாதபோதும் கருவி 40 மைக்ரோடெஸ்லா அளவில் காட்டுவதைப் பார்த்து, "இது பூமியோடதா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். மின்காந்தவியல் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

இவ்வளவும் இருந்தும், திரையின் அருமையைக் கருதி அடுத்த முறையும் நான் டேப்லெட்டையே வாங்கியிருக்கக்கூடும். முடிவை மாற்றியது பழுதுபார்ப்பு. வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு டேப்லெட் படிக்கட்டில் விழுந்து கண்ணாடி சிதறியது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். எங்கள் பகுதியில் கைபேசி பழுதுபார்க்கும் கடை இல்லாத தெருவே இல்லை எனலாம். ஆனால் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். எனக்கு வழக்கமாகப் பார்த்துத் தரும் தம்பி இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, "காம்போ கெடைக்கல டீச்சர், ரிச்சி ஸ்ட்ரீட்லயே கேட்டுப் பாத்துட்டேன்" என்றார். காம்போ என்பது திரையும் தொடுகண்ணாடியும் ஒன்றாக ஒட்டி வரும் பாகம்; ரிச்சி ஸ்ட்ரீட் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தை. நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டபோது, பாகத்தை வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றும், செலவு 4,800 ரூபாய் என்றும் சொன்னார்கள். டேப்லெட்டை வாங்கிய விலை 11,000 ரூபாய். மூன்று வாரம் ஐந்தாகி, அதன்பின் வந்த பாகமும் ஓரத்தில் சரியாக ஒட்டாமல் தூசி புகுந்தது.

கைபேசியும் விழத்தான் செய்கிறது. பிள்ளைகள் கையாளும் கருவி விழாமல் இருக்காது. விழாதபடி பூட்டி வைத்தால் அதை வாங்கியதற்கே பொருளில்லை. இரண்டு ஆண்டுகளில் மூன்று கைபேசிகளின் திரை உடைந்தது. மூன்று முறையும் அதே தம்பியிடம் காலையில் கொடுத்து, மாலை வகுப்புக்கு முன் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் 1,300 ரூபாய்க்குள் முடிந்தது. அந்த மாடல் பரவலாக விற்பனையானது என்பதே காரணம். ஊரில் பலர் கையில் இருக்கும் கைபேசிக்குப் பாகங்கள் எல்லாக் கடைகளிலும் இருக்கும். வேலை தெரிந்த கைகளும் இருக்கும். குறைவாக விற்கும் டேப்லெட்டுக்கு எந்தச் சிறு கடைக்காரரும் பாகம் வாங்கி அடுக்கி வைக்க மாட்டார். ஒரே மாடலாக வாங்கியதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு கைபேசியின் முதன்மைப் பலகை (மதர்போர்டு) அடியோடு போனபோது, அதன் திரையையும் பேட்டரியையும் கழற்றி மற்ற இரண்டு கைபேசிகளுக்குப் பொருத்திக்கொண்டோம்.

ஆகவே நான் இப்போது பின்பற்றும் முறை இதுதான்: விற்பனைக் கடைக்குப் போகும் முன் பழுதுபார்ப்பவரிடம் போகிறேன். எந்த மாடலுக்குக் காம்போ, பேட்டரி, சார்ஜிங் போர்டு மூன்றும் அன்றே கிடைக்கும் என்று கேட்டு, அந்தப் பட்டியலுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறேன். திரை மாற்றும் செலவு கருவி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதை வாங்குவதில்லை. புதிதாக வெளியான மாடலைவிட, வந்து ஓராண்டு ஆன மாடலுக்குப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன.

கடற்காற்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வடசென்னையில் இரும்பு அலமாரியே துருவேறிப்போகிறது. சார்ஜ் செருகும் துளையிலுள்ள மெல்லிய உலோக முனைகளில் களிம்பு பிடிப்பதில் வியப்பில்லை. எங்கள் டேப்லெட்டுகள் இரண்டில் இந்தத் துளையே முதலில் பழுதானது. கைபேசியில் இதே பழுது வந்தபோது சிறு சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. டேப்லெட்டில் அந்தத் துளை முதன்மைப் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்ததால் நுண்வேலை தெரிந்தவரைத் தேடி அலைந்தேன். இப்போது எல்லாக் கருவிகளையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறோம்.

பேட்டரியில் தவறு எங்களுடையது. ஒரு மே விடுமுறையில் டேப்லெட்டுகளை முழுமையாக சார்ஜ் செய்து, மூடிய அறையில் பீரோவுக்குள் வைத்துவிட்டுப் போனோம். லித்தியம் அயனி பேட்டரி நிறைந்த நிலையில் வெப்பத்தில் கிடப்பது அதன் ஆயுளை வேகமாகக் குறைக்கும். ஜூனில் திறந்தபோது ஒன்றின் முதுகு உப்பியிருந்தது. இப்போது விடுமுறைக்கு முன் பாதி அளவு சார்ஜில் அணைத்து, என் வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கிறேன். இது இரண்டு கருவிகளுக்கும் பொது. ஆயினும் எங்கள் கைபேசி, டேப்லெட் இரண்டின் பேட்டரியும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு என்பதால், இரு மடங்கு திரையை ஒளிரச் செய்யும் டேப்லெட் விரைவில் காலியாகிறது. மின்வெட்டுள்ள மாலைகளில் இந்த வேறுபாடு தெரியும்.

மறுவிற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கைபேசியை பர்மா பஜாரில் ஏதோ ஒரு விலைக்குக் கேட்பார்கள். டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தருவார்கள். கவனச்சிதறலிலும் பெரிய வேறுபாடில்லை. எந்தக் கருவியிலும் சிம் போடவில்லை. தேவையான காணொளிகளை முன்னரே இறக்கி வைக்கிறேன். ஒரு செயலியை மட்டும் திரையில் நிலைநிறுத்தும் வசதி இரண்டிலும் இருக்கிறது.

ஆறாம் வகுப்புக்குக் கீழே நான் கற்பித்ததில்லை. எழுத்தை விரலால் எழுதிப் பழகும் சிறு பிள்ளைகளுக்கு அகன்ற திரை தேவைப்படலாம். அங்கே என் கணக்கு பொருந்தாமல் போகலாம். என் அனுபவம் ஒரு டேப்லெட் மாடல், ஒரு கைபேசி மாடல் அளவிலானது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். பார்வைக்குறைபாடுள்ள ஒரு பையன் எங்களிடம் படிக்கிறான். அவனுக்குக் கைபேசி உதவவே இல்லை. உயிரோடிருக்கும் இரண்டு டேப்லெட்டுகளில் ஒன்றை அவனுக்கென்றே ஒதுக்கி, அவன் வகுப்பின் பாடநூல்கள் அனைத்தையும் அதில் ஏற்றியிருக்கிறோம். மற்றொன்று புவியியல் நாள்களில் மட்டும் வெளியே வருகிறது.