பாப்புலர் போட்டோகிராபி: ஓர் இதழின் ஏற்றமும் இறக்கமும்

1937 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, 80 ஆண்டுகள் வெளிவந்து, 2017-இல் நின்றுபோன பாப்புலர் போட்டோகிராபி இதழின் பழைய பிரதிகள் பல கூகுள் புக்ஸில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கின்றன. கேமரா வாங்க நினைக்கும் சாதாரண மனிதருக்காக நடத்தப்பட்ட இதழ்களில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இதன் உயிர்நாடி லென்ஸ் சோதனைதான். ஒரு லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ஆய்வகத்தில் அளந்து, எஸ்கியூஎஃப் (SQF: படம் கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதன் அளவு) என்ற அட்டவணையாக அச்சிட்டார்கள். ஒரு பக்கம் லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவுகள், மறுபக்கம் அச்சுப்படத்தின் அளவுகள், நடுவில் வண்ணக் கட்டங்களுக்குள் ஏ, பி, சி எனத் தரக் குறியீடுகள். 8-க்கு 10 அங்குலப் படத்தில் ஏ வாங்கிய லென்ஸ், 20-க்கு 24 அங்குலத்துக்குப் பெரிதாக்கும்போது எந்த அளவுக்கு இறங்குகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். சிறிய படங்கள் மட்டுமே போடுகிறவர் விலை உயர்ந்த லென்ஸுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது.

போட்டி இதழான மாடர்ன் போட்டோகிராபியை நெடுங்காலம் வழிநடத்திய ஹெர்பர்ட் கெப்ளர் 1987-இல் இங்கு வந்து சேர்ந்தார். இரண்டே ஆண்டில் அந்தப் போட்டி இதழ் நின்றுபோனது. ஜப்பானிய கேமராத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்த அவருடைய பத்திகளை இன்றும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் எதைக் கொண்டு படம் எடுப்பது என்பதற்குக் கொடுத்த இடத்தை, எப்படி எடுப்பது என்பதற்கு இவ்விதழ் கொடுக்கவில்லை என்பது என் குறை.

பின்பக்கங்களில் நியூயார்க் அஞ்சல்வழிக் கடைகளின் விளம்பரங்கள், கண்ணை உறுத்தும் பொடி எழுத்தில், கேமரா, லென்ஸ், பிளாஷ் என விலையோடு நிரம்பியிருந்தன. வாசகருக்கு அது விலைப்பட்டியல். இதழுக்கு அதுவே வருமானம். 1998-இல் கேமராக்களைச் சோதித்து எழுதும் டிபிரிவியூ போன்ற இணையதளங்கள் தோன்றியபின், சோதனை முடிவுக்காக யாரும் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை, விலையும் இணையத்தில் அன்றன்றைக்கே தெரிந்தது. அதன் பின்னர் திறன்பேசி வந்து, எந்தத் தொழிலை நம்பி இதழ் நின்றதோ அந்தத் தொழிலையே சாய்த்தது: ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்கின்படி 2010-இல் 12 கோடியைத் தாண்டியிருந்த, உற்பத்தியாளர்கள் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2016-இல் ஏறத்தாழ 2.4 கோடியாகச் சுருங்கியது. மார்ச்–ஏப்ரல் 2017 இதழே அச்சில் கடைசி. 2021-இல் அதே பெயர் இணையத்தில் மட்டும் மீண்டும் வந்தது.

பழைய பிலிம் கேமராவோ, கைமாறி வந்த லென்ஸோ வாங்கப் போகிறவர்கள், அது சந்தைக்கு வந்த ஆண்டின் இதழ்களைத் தேடிப் படித்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.