வைக்கோல் கூட்ட ரோட்டரி ரேக்கா, சக்கர ரேக்கா?

வைக்கோலைக் கட்டாகக் கட்டும் பேலர் வாங்கிய ஒவ்வொருவரும் அடுத்து விசாரிப்பது, வைக்கோலை வரிசையாகக் கூட்டித் தரும் ரேக்கைப் பற்றித்தான். டயரில் ஓடும் அறுவடை வண்டி அறுத்த வயலில் வைக்கோல் ஓரளவு வரிசையாக விழும், பேலரை நேரே விட்டுவிடலாம். டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டி அறுத்த வயலில் அது நொறுங்கி நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும், பேலர் பாதி தூரம் சும்மாவே ஓடும், டீசல்தான் செலவு. அதனால் கூட்டித்தான் ஆக வேண்டும். எதை வைத்துக் கூட்டுவது என்பதில்தான் டெல்டாவில் ஆளுக்கொரு கட்சி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கியது சக்கர ரேக். அதற்கு முன் ரோட்டரியை வாடகைக்கு எடுத்துச் சம்பா அறுவடையில் ஓட்டியிருக்கிறேன். ஆக இரண்டும் தெரியும், ஆனால் நடுவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரோட்டரிக்கு பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் சுற்றும் விசைத் தண்டு) வேண்டும், சக்கர ரேக்குக்கு வேண்டாம், தரையில் உரசியே அதன் கம்பி வைத்த சக்கரங்கள் சுற்றிக்கொள்ளும். விலையில் ரோட்டரி எப்போதும் ஒரு படி மேலே. வேலைச் சுத்தத்திலும் ரோட்டரிதான் மேல், அதில் எனக்கு வாதமே இல்லை. வைக்கோலைத் தூக்கிப் பஞ்சு போல வரிசையில் போடும், மண் அதிகம் சேராது. சக்கர ரேக் அதே வைக்கோலை உருட்டி உருட்டித் தள்ளுவதால் வரிசை கயிறு முறுக்கின மாதிரி ஆகிவிடும், கூடவே மண்கட்டியும் வரும். மண் கலந்த கட்டுக்கு வியாபாரி விலையைக் குறைப்பான், வைக்கோலை வாரி உள்ளே எடுக்கும் பேலரின் பிக்கப்பும் சீக்கிரம் தேயும். இவ்வளவுக்கும் பிறகு ஏன் சக்கர ரேக் என்றால், பழுது. எத்தனை தடவை பழுதாகிறது என்பதைக்கூட விடுங்கள், பழுதானால் எது போகிறது, அதைச் சரிசெய்ய யாரிடம் போக வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ரோட்டரியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் புரியும். நடுவில் ஒரு கியர்பாக்ஸ், அதைச் சுற்றி ஒன்பதோ பதினொன்றோ கைகள், ஒவ்வொரு கையின் வெளிமுனையிலும் மூன்று நான்கு ஜோடிக் கம்பிகள். கை சுற்றி வரும்போது வைக்கோலை வாரி, வரிசை போடும் இடம் வந்ததும் கம்பிகள் தாமாகவே மேலே மடங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போட்டதையே திரும்ப இழுத்துக்கொண்டு போகும். இந்த மடங்கல் நடப்பது உள்ளே இருக்கும் ஒரு வளைந்த தடத்தால், கேம் என்கிறோமே அதுதான். ஒவ்வொரு கையின் உள்முனையிலும் ஒரு சின்ன உருளை அந்தத் தடத்தில் ஓடுகிறது. அந்த உருளைக்குள் இருப்பது சின்ன பேரிங். தூசி நுழைந்தோ கிரீஸ் அடிக்காமலோ அது இறுகிவிட்டால் உருளை சுற்றாமல் தடத்தில் சறுக்கத் தொடங்கும். சறுக்கினால் தடத்தைச் செதுக்கும். தடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் மற்ற உருளைகள் எல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் அதில் விழுந்து எழும், அப்புறம் கைகளைத் தாங்கும் புஷ் தேயும், கை ஆடும், வார்ப்பில் விரிசல் விடும். சில நூறு ரூபாய் பேரிங்கில் ஆரம்பித்தது முழுத் தடத்தையும் மாற்றுவதில் போய் நிற்கும். அந்தத் தடம் உள்ளூர் லேத்தில் செய்யக்கூடிய சாமான் இல்லை, கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். தை, மாசியில் வைக்கோல் வயலில் கிடக்கும்போது பார்சலுக்காக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், விவசாயி உளுந்துக்கு வயலைக் காலி செய்யச் சொல்லி நெருக்குவார், பேலர் ஆட்களுக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்.

கேம் எண்ணெயில் மூழ்கி, முழுக்க மூடியிருக்கும் மாடல்களில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. விலை குறைந்தவற்றில் பல திறந்த வகை, நிப்பிளில் கிரீஸ் அடித்தால்தான் உண்டு. ரோட்டரியே வேண்டும் என்பவர்கள் கம்பி எத்தனை, அகலம் எத்தனை என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

அடுத்தது வரப்பு. இந்த இயந்திரம் பெரிய புல்வெளிகளுக்காகப் பிறந்தது. நம் ஊரில் மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்), நான்கு மாவுக்கு ஒரு வரப்பு. ஒவ்வொரு வரப்பிலும் தூக்கி இறக்க வேண்டும், தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஷாஃப்ட் கோணம் ஏறின நிலையில் சுற்றினால் அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் போய்விடும். கம்பி வரப்பில் மோதினால் உடைய வேண்டியது ஷியர் போல்ட், ஆனால் அது ரெண்டு தடவை உடைந்ததும் கடையில் இருக்கிற, லேசில் உடையாத ஹைடென்சில் போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள், அடுத்த மோதலில் போல்ட் நிற்கும், கியர்பாக்ஸ் போகும். வாடகைக்கு ஓடின ரோட்டரிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வேகமும் அப்படித்தான், பி.டி.ஓ.வை 540 சுற்றுக்கு ஏற்றி அலறவிட வேண்டியதில்லை, காய்ந்த வைக்கோலுக்கு 400 சுற்றுக்குப் பக்கமே போதும், கம்பியும் உருளையும் பாதி தப்பிக்கும்.

சரி, சக்கர ரேக் பழுதே ஆகாதா? ஆகும், அடிக்கடி ஆகும். சொல்லப்போனால் எண்ணிக்கையில் ரோட்டரியைவிட அதிகம். தரையில் உரசித்தான் சுற்ற வேண்டும் என்பதால் கம்பி நுனி தேய்ந்துகொண்டே இருக்கும். நெல் வைக்கோலில் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மணலில் இருக்கிற அதே சிலிக்கா, கோதுமை வைக்கோலில் அவ்வளவு கிடையாது, அதனால் வடக்கே ஓட்டியவர் சொல்லும் ஆயுள் கணக்கை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். மண்ணும் சேர்ந்துகொள்ளும். திருவாரூர்ப் பக்கத்துக் களிமண்ணில் தேய்மானம் மெதுவாகத்தான், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்துச் செம்மண்ணில் மணலும் சரளையும் அரம் மாதிரி வேலை செய்யும். ஆனால் ஒரு கம்பி உடைந்தால் ஒரு போல்ட்டைக் கழற்றி வயலிலேயே மாற்றிவிடலாம், உடைந்ததோடே அன்றைய வேலையை முடிக்கவும் முடியும். சக்கரத்தின் மையத்தில் இருப்பது பொது எண் பேரிங், டவுனில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். சக்கரத்தைத் தாங்கும் கையில் விரிசல் விட்டால் பட்டறையில் தகடு வைத்து வெல்டிங் போட்டுத் தருவார்கள். நாலைந்து சக்கரத்தில் ஒன்று போனால் மற்றவை பாட்டுக்கு ஓடும். அதுவே அதன் பலம், ஒரு பழுது அடுத்த பழுதை இழுத்துக்கொண்டு வராது.

தேய்மானத்தில் பெரும்பகுதி ஸ்பிரிங் அழுத்தத்தைப் பொறுத்தது. புது ரேக்கை இறக்கிவிட்டுப் போகிறவர் ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை, சக்கரங்கள் முழுப் பாரத்தோடு தரையை உழுதுகொண்டு போகும். ஒரு கையால் சக்கரத்தைத் தூக்கினால் எழும் அளவுக்கு ஸ்பிரிங்கை இழுத்து வைக்க வேண்டும், கம்பி தாளடியை, அதாவது அறுத்த அடிக்கட்டையை, தொட்டும் தொடாமலும் சுற்றினால் போதும். மண் சேர்வதும் இதனால் பெருமளவு குறையும், நான் மேலே சொன்ன குறையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கம்பி வளைவின் திசையையும் பாருங்கள், சக்கரம் மாற்றும்போது இடது வலது மாறினால் நுனி மண்ணைக் குத்தி ஒடியும்.

உடைந்த துண்டை வயலிலேயே விட்டுவிடாதீர்கள், இது இரண்டுக்கும் பொது. அது பேலருக்குள் போனால் ரேக்கின் விலையைக் கேட்கும் செலவு வரும், கட்டுக்குள் போனால் வாங்கியவர் வீட்டு மாட்டின் வயிற்றுக்குப் போகும். ரோட்டரிக் கம்பிகளின் அடியில் ஒரு பிடிப்புக் கயிறு கட்டிவிட்டால் ஒடிந்தாலும் தொங்கிக்கொண்டிருக்கும், வெளிநாட்டு மாடல்களில் அதற்கென்றே கிளிப் தருகிறார்கள்.

குறுவை விஷயத்தில் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த வைக்கோலைச் சக்கர ரேக்கில் நான் அதிகம் கூட்டியதில்லை, கூட்டின கொஞ்சத்தில் கனமான ஈர வைக்கோல் சக்கரத்தை நிறுத்திவிட்டது, பெல்ட் வண்டி போட்ட தடப்பள்ளத்தில் கம்பி தரையைத் தொடவே இல்லை. ஈரத்தில் ரோட்டரி ஜெயிக்கும் என்றுதான் தோன்றுகிறது. தாளடியை உயரமாக விட்டு அறுத்த வயலிலும் சக்கரம் துள்ளும், வண்டிக்காரரிடம் முன்பே சொல்லித் தாழ்வாக அறுக்கச் சொல்லுங்கள். அறுவடைக்கு முன்பே உளுந்து தெளித்த வயலில் இரண்டு ரேக்கும் வேண்டாம், முளையைப் பிடுங்கிவிடும்.

வருஷம் முழுக்க வாடகைக்கு ஓட்டுகிறவர், நல்ல டிரைவரும் சொந்தப் பட்டறையும் இருப்பவர், மூடிய கேம் ரோட்டரி வாங்கினால் நான் தடுக்க மாட்டேன், ஏக்கர் ஏக்கராக வேகமாக முடியும், மண்ணில்லாத கட்டுக்கு நல்ல விலையும் கிடைக்கும். பழைய ரோட்டரி மலிவாக வருகிறது என்றால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பி.டி.ஓ.வைக் கழற்றிவிட்டு ரோட்டரைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், ஒவ்வொரு கையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மடங்க வேண்டும். எங்காவது டக்கென்று விழுந்தால் அது தடத்தில் இருக்கும் பள்ளம், என்ன விலை சொன்னாலும் வாங்க வேண்டாம்.