ஒரு பாக்கெட், பல வகை ஸ்க்ரூ: கம்ப்யூட்டர் கேபினெட்டோடு வரும் திருகுகளின் நெடுங்காலப் பயன்பாட்டு அனுபவம்

புதுக் கேபினெட் (கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி) வாங்கினால் உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் பை கிடக்கும். பெரும்பாலும் எல்லா ஸ்க்ரூவையும் ஒன்றாகக் கொட்டிக் கட்டியிருப்பார்கள். எது எங்கே போகும் என்று கையேட்டில் படம் இருந்தாலும், அந்தப் படத்தில் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து, பிரித்து, வருடக்கணக்கில் பராமரித்துப் பார்த்த பிறகும் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இரண்டு மரைகளை (ஸ்க்ரூவைச் சுற்றி ஓடும் வரிகளை) பிரித்தறியத் தெரிந்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த இரண்டு, 6-32ம் எம்3யும். 6-32 என்பது அங்குல அளவு: விட்டம் சுமார் 3.5 மி.மீ., ஓர் அங்குல நீளத்துக்கு 32 மரை. எம்3 மெட்ரிக்: விட்டம் 3 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 0.5 மி.மீ. அதாவது 5 மி.மீ. நீளத்தில் எம்3க்குப் பத்து மரை இருக்கும், 6-32க்கு ஆறுதான். ஒன்று நெருக்கமான மரை, மற்றது அகலமான மரை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

தலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 6-32க்கு அறுகோணத் தலையும் எம்3க்கு உருண்டைத் தலையும் வருவது வழக்கம்தான். ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. நிறமும் அப்படித்தான். நம்பத் தகுந்தது மரை மட்டுமே. கேபினெட்டின் பக்கக் கதவைப் பிடிக்கும் கைத்திருகு பெரும்பாலும் 6-32. அதைக் கழற்றி, சந்தேகப்படும் ஸ்க்ரூவின் மரையோடு ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டின் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று இடைவெளியின்றி அமர்ந்தால் அதுவும் 6-32. ஓரிரண்டு பல் அமர்ந்து, அப்புறம் ஏறி விலகி, நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது வேறு. வெர்னியர் காலிப்பரே தேவையில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டி) பிடிக்கும் நான்கு ஸ்க்ரூ, கிராபிக்ஸ் கார்டைக் கேபினெட்டின் பின்புறத்தோடு பிணைக்கும் தகடு, 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், பக்கக் கதவு, இவை எல்லாம் 6-32. 2.5 அங்குல எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்), டிவிடி டிரைவ் இரண்டும் எம்3. ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் ஒரே ஸ்க்ரூதான் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. 6-32 துளையில் எம்3யை விட்டால் வழுக்கிக்கொண்டு போகும், ஆடிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், எம்3 துளையில் 6-32யை விடுவது. ஒரு சுற்று ஏறி இறுகி நிற்கும். ‘புதுசு, கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று அழுத்தித் திருகினால் எஸ்எஸ்டியின் மரை போய்விடும். முதல் மூன்று சுற்று விரலால் போகாத ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரால் போட வேண்டாம்.

மதர்போர்டு ஸ்க்ரூ எது என்பதற்கு மட்டும் ஒரே பதில் கிடையாது. அது அடியில் இருக்கும் ஸ்டாண்ட்-ஆஃபை, அதாவது போர்டைத் தகட்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் குட்டிக் காலை, பொறுத்தது. சில கேபினெட்டில் அதன் உள்மரை 6-32, சிலவற்றில் எம்3. போர்டை வைத்த பிறகு சோதிப்பது கஷ்டம். முதலில் காலி ஸ்டாண்ட்-ஆஃபில் ஸ்க்ரூவைக் கையால் திருகிப் பார்த்து, பொருந்துவதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும். போர்டின் அளவு வகையைப் பொறுத்துத் துளைகள் மாறும்: ஏடிஎக்ஸ் போர்டுக்கு வழக்கமாக 9 துளை, மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு 8 வரை, மினி ஐடிஎக்ஸுக்கு 4. அகலம் குறைந்த மலிவு போர்டுகளில் ஆறே இருக்கும். துளை இல்லாத இடத்தில் ஸ்டாண்ட்-ஆஃப் நின்றால், அதன் பித்தளை முனை போர்டின் அடிப்பக்க சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆக்கலாம். அதைக் கழற்றிவிடுங்கள். எல்லா ஸ்க்ரூவையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இறுக்கினால் போர்டு வளையாது.

சில வருடம் கழித்துப் போர்டைக் கழற்றும்போது ஸ்க்ரூவோடு ஸ்டாண்ட்-ஆஃபும் சேர்ந்து சுற்றும். தவறான மரையில் இறுக்கியதோ, அளவுக்கு மேல் இறுக்கியதோதான் பெரும்பாலும் காரணம். பக்கவாட்டில் இடமிருந்தால் நோஸ் பிளையரால் ஸ்டாண்ட்-ஆஃபைப் பிடித்துக்கொண்டு கழற்றலாம். அடுத்து மாட்டும்போது, ஸ்டாண்ட்-ஆஃபை முதலில் தகட்டில் நன்றாக முறுக்கிவிட்டு, ஸ்க்ரூவை லேசாக நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பி, மரை ‘டக்’கென்று விழுவதை உணர்ந்த பிறகு வலப்பக்கம் திருப்புவது நல்ல பழக்கம். பழைய மரையிலேயே ஸ்க்ரூ இறங்கும்.

ஃபேன் ஸ்க்ரூ தனி ஜாதி: பருமனாக, முனை கூராக, சுமார் 10 மி.மீ. நீளம். பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு போகும். அதனால்தான் புது ஃபேனில் முதல் முறை கை வலிக்கும், அது சரிதான். தூசி தட்ட அடிக்கடி கழற்றி மாட்டினால் துளை தேய்ந்து பிடிப்புப் போகும். ஃபேனைக் கழற்றாமலேயே பிரஷ்ஷால் துடைப்பது அதற்கு மேல்.

பிராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலரின் ரேடியேட்டரில்தான் (ஃபேன் மாட்டும் பகுதி) மிகுந்த கவனம் வேண்டும். 25 மி.மீ. தடிமன் ஃபேனுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ தருவார்கள், 5 மி.மீ.தான் ரேடியேட்டருக்குள் போகும். அதே ஸ்க்ரூவை 15 மி.மீ. மெலிந்த ஃபேனுக்குப் போட்டால் 15 மி.மீ. உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைக் குத்திவிடும். ரேடியேட்டர் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 6-32ம் உண்டு, எம்3யும் உண்டு. அதோடு வந்த ஸ்க்ரூவைத் தொலைக்காதீர்கள்.

எம்.2 எஸ்எஸ்டிக்கு (மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய எஸ்எஸ்டி) பெரும்பாலும் எம்2 ஸ்க்ரூ, அதாவது விட்டம் 2 மி.மீ., நீளம் 3 மி.மீ. இது கேபினெட் பையில் இருக்காது, மதர்போர்டு பெட்டியில் இருக்கும். 80 மி.மீ. நீள எஸ்எஸ்டிக்குரிய இடத்தில் குட்டி ஸ்டாண்ட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நேராக போர்டில் இறுக்கினால் எஸ்எஸ்டி வளைந்துவிடும். பெரிய பிஎச்2 அளவு ஸ்க்ரூ டிரைவரை இதில் போட்டால் தலை வழித்துப் போகும். அதைவிடச் சின்ன பிஎச்1 அல்லது பிஎச்0 எடுத்து, தலை அமர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

தனியாக வாங்கி வைப்பதானால் 6-32 இருபது, எம்3 இருபது, எம்2 நான்கு, ஃபேன் ஸ்க்ரூ பதினாறு, ஸ்டாண்ட்-ஆஃப் ஆறு போதும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம். வாங்கியதும் வகைக்கு ஒரு டப்பியாகப் பிரித்து, மேலே அளவை எழுதி ஒட்டுங்கள். கடற்கரை ஊர்களில் டப்பியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வைத்தால் கறுப்பு ஸ்க்ரூக்கள் சீக்கிரம் துருப்பிடிக்காது.