எக்ஸ்பெக்ட், சப்போஸ்ட், லைக்லி: ஆத்தங்குடிக் கடிதங்களுக்கு எது பொருந்தும்?

ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடப்படுவதில்லை; கண்ணாடியின் மேல் வார்க்கப்பட்டு, நீரில் ஊறி, உலர்ந்துதான் இறுகுகிறது. அது முடியும் நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே வெளிநாட்டு வாடிக்கையாளர் தேதி கேட்டால், உறுதியை அல்ல, எதிர்பார்ப்பையே நாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

'வி எக்ஸ்பெக்ட் டு ஷிப் இன் மே' என்பதையும் 'வி ஆர் எக்ஸ்பெக்டட் டு ஷிப் இன் மே' என்பதையும் ஒன்றெனக் கருதிப் பலர் எழுதுகிறார்கள். இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் முதலாவதில் எதிர்பார்ப்பவர் நாம். இரண்டாவதிலோ பிறர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள், அதாவது அது நம் கடமை என்ற பொருள் வந்துவிடுகிறது. சரக்கையே எழுவாயாக்கி 'தி டைல்ஸ் ஆர் எக்ஸ்பெக்டட் டு அரைவ் இன் மே' என்றால் இந்தக் குழப்பம் நீங்கும். எனினும் எதிர்பார்ப்பவர் யார் என்பது மறைந்துபோகும். பொறுப்பை வெளிப்படையாக ஏற்கும் முதல் வடிவத்தையே வணிகக் கடிதத்துக்கு நான் பரிந்துரைப்பேன்.

'சப்போஸ்ட் டு' இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. பேச்சில் ஈற்று ஒலி தேய்ந்து 'சப்போஸ் டு' என்று கேட்பதால் எழுத்திலும் அந்த 'டி'யை விட்டுவிடுகிறார்கள், அது பிழை. நிகழ்காலத்தில் இத்தொடர் பெரும்பாலும் கடமையையோ ஏற்பாட்டையோ குறிக்கும். இறந்தகாலத்தில், 'தி லாரி வாஸ் சப்போஸ்ட் டு கம் ஆன் மண்டே' என்று படித்தவுடனே லாரி வரவில்லை என்றுதான் வாடிக்கையாளர் புரிந்துகொள்வார். 'வாஸ் எக்ஸ்பெக்டட் டு' என்பதிலும் அந்தச் சாயல் உண்டு, ஆனால் மெல்லியது.

'லைக்லி' இங்கே பெயரடை. ஆகையால் 'தி டைல்ஸ் ஆர் லைக்லி டு அரைவ்' என்று 'ஆர்' சேர்ந்தே வர வேண்டும். 'வில் லைக்லி டு அரைவ்' என்பது இரண்டு அமைப்புகளை ஒட்டவைத்த பிழை. 'டு' இல்லாத 'வில் லைக்லி அரைவ்' அமெரிக்க வழக்கில் இயல்பானது. 'ப்ராபபிள்' பொருளில் நெருக்கமானதாயினும் அதே இடத்தில் அமராது; அதற்கு 'இட் இஸ் ப்ராபபிள் தட்' என்றே தொடங்க வேண்டும்.

சரக்கு சேர்ந்தபின் எழுதும் 'ஆஸ் எக்ஸ்பெக்டட்', 'ஆஸ் வாஸ் எக்ஸ்பெக்டட்' இரண்டும் சரி. 'எதிர்பார்த்தபடியே' என்ற பொருளில் இடையே 'இட்' நுழைத்து 'ஆஸ் இட் வாஸ் எக்ஸ்பெக்டட்' என்பது தவறு, ஏனெனில் அங்கே எழுவாயின் இடத்தை 'ஆஸ்' ஏற்கெனவே நிரப்பிவிட்டது.

குறித்த நாளில் வர வேண்டியது என்று பொருள்படும் 'ட்யூ டு அரைவ்' என்பதைக் கப்பலின் கால அட்டவணை கைக்கு வந்தபின் எழுதினால் போதும்.