வளர்ந்த பிள்ளைகளுடன் ஓராண்டு: யூனிவர்சல் ஸ்டூடியோஸ் ஆண்டு அட்டை வாங்கலாமா?

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் போன வாரம் கேட்டார்: "உங்களிடம் செந்தோசா யூனிவர்சல் ஸ்டூடியோஸ் ஆண்டு அட்டை இருக்கிறதே, பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அதனால் பிரயோஜனம் உண்டா?" அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். மின்தூக்கி வருவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். மின்தூக்கி மூன்று முறை வந்து போய்விட்டது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

அட்டையின் விலை, அது செல்லாத நாள்கள், உள்ளே கிடைக்கும் விலைக் கழிவுகள் எல்லாம் வாங்கும் இடத்திலேயே போட்டிருக்கிறது. அதைச் சொல்ல நான் தேவையில்லை. சவாரிகளைப் பற்றியும் எனக்குப் புகார் எதுவும் கிடையாது. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் 2010இல் திறந்த இந்தக் கேளிக்கைப் பூங்காவை இன்றைக்கும் புதுக்கருக்குக் குலையாமல் வைத்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் என்ற புதுப் பகுதி வேறு சேர்ந்துகொண்டது. குறை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது: தனியாள் வரிசை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2012இல் முதல் தடவையாகப் போனோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. மம்மி சவாரிக்கு 122 செ.மீ. உயரம் வேண்டும். அளவுகோலின் கீழே நிறுத்தினால் மகன் இரண்டு விரற்கடை குறைவு. குதிகாலைத் தூக்கினான், பணியாளர் சிரித்துக்கொண்டே அவன் தோளை மெல்ல அழுத்தினார். அன்று அவன் அழுத அழுகையில் நான் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தே களைத்துப்போனேன். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ. போதும். அதில் ஏறினான். உலகத்திலேயே முதலாவதாக 2011 டிசம்பரில் இங்கேதான் அந்தச் சவாரி திறந்தது. வண்டிக்கு மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு இருக்கை. நாங்களும் நான்கு பேர். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. இடது ஓரத்தில் நான், வலது ஓரத்தில் மனைவி, நடுவில் இரண்டும் காது கிழியக் கத்திக்கொண்டு வந்தன.

அந்த ஒரு வரிசை இருக்கையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் போன வருடக் கடைசியில் நான்கு அட்டைகள் வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகள் வேலைக்குப் போகிறாள், மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருக்கிறான். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் சாப்பிடுவதே மாதத்துக்கு இரண்டு முறைதான். அட்டை கையில் இருந்தால் நினைத்தபோது கிளம்பலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாளே மகள் வேறொரு கணக்குப் போட்டாள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வாசலில் பொது வரிசைக்கு 70 நிமிடம் என்று பலகை காட்டியது. பக்கத்திலேயே தனியாள் வரிசை. மூன்று பேராக வருகிறவர்கள் ஏறும்போது ஓர் இருக்கை காலியாக இருக்குமல்லவா? அதை நிரப்ப ஒற்றை ஆளாக எடுத்துப் போடுவார்கள். அப்படிப் போகச் சம்மதிக்கிறவர்களுக்கான வழி அது. அன்றைக்கு அதில் இருபது நிமிடம்கூட ஆகாது போலிருந்தது. "அப்பா, இப்படிப் போனால் மதியத்துக்குள் ஐந்து சவாரி முடித்துவிடலாம்" என்றாள். முடித்துவிடலாமாம். இது என்ன வீட்டுப்பாடமா, முடிப்பதற்கு?

ஆனாலும் போனோம். நான்கு பேரும் ஒன்றாக ரயிலேறி, ஒன்றாக நடந்து, ஒன்றாக உள்ளே நுழைந்து, பிறகு நான்கு வண்டிகளில் பிரிந்து ஏறினோம். எனக்குக் கிடைத்தது அப்பா, அம்மா, மகன் என்று மூவர் உட்கார்ந்திருந்த வரிசை. அந்தக் குடும்பத்தின் நான்காவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வண்டி குலுங்கியதும் பக்கத்திலிருந்த பையன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். யார் வீட்டுப் பிள்ளையோ. வெளியே வந்து பார்த்தால் என் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நன்றாக இருந்தது" என்றான் மகன். அவ்வளவுதான் பேச்சு.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. மகன் வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வருகிறான், ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் தூக்கம், நண்பர்கள், துணி துவைப்பது, பெற்றோர் என்று பங்கு போட்டால் 70 நிமிடம் என்பது பெரிய தொகை. மகளுக்கு ஆறு நாளும் மின்னஞ்சல். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் அந்த வரிசையின் வாசலைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஆறு முறை போயிருக்கிறேன், ஆறு முறையும் வந்தது.

இனி, அட்டை வாங்கியதால் கிடைத்த ஒரே பெரிய சந்தோஷம். அது சவாரியே இல்லை.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டர். 42.5 மீட்டர் உயரம். சிவப்புத் தடத்தில் உட்கார்ந்து போகலாம், நீலத் தடத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகலாம். இதற்கு 125 செ.மீ. வேண்டும். மகன் அந்த உயரத்தைத் தொட்ட நேரம் பார்த்து, 2013 ஜூலையில் அதை மூடினார்கள். திறக்க 2015 மே ஆயிற்று. அவன் ராசி அப்படி. அந்த ஏக்கமோ என்னவோ, இதில் மட்டும் அவனுக்கு நீலத்தின் முதல் வரிசை வேண்டும். தனியாளாகப் போனால் கேட்ட இடம் கிடைக்காது. ஆகவே பொது வரிசை. அதைவிட முக்கியம், இதில் ஏறுவதற்கு முன் கையில், பையில் இருக்கும் அத்தனையையும் லாக்கரில் வைத்துவிட வேண்டும். கைப்பேசியும்தான்.

எனக்கு இரத்த அழுத்தம். மருத்துவர் இந்த மாதிரிச் சமாசாரத்துக்கெல்லாம் தலையாட்ட மாட்டார். மனைவிக்குக் கழுத்து வலி. "நீங்கள் இருவரும் போய் உட்காருங்கள் அப்பா, நாங்கள் வந்துவிடுகிறோம்" என்றாள் மகள். சும்மா கூட வருகிறோம் என்று நாங்களும் லாக்கரில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டோம். ஐம்பது நிமிட வரிசை. முதல் பத்து நிமிடம் பிள்ளைகளின் கட்டைவிரல்கள் இல்லாத கைப்பேசியைத் தேடி அசைந்தன. பிறகு பேச ஆரம்பித்தார்கள்.

என்னென்னவோ வந்தது. மகனின் அறையில் ஒருவன் தூக்கத்தில் அணிவகுப்பு ஆணை கொடுக்கிறானாம். மகளின் மேலதிகாரி எதையும் மூன்று முறை சொல்வாராம். மகள் அவரைப் போலப் பேசிக் காட்டினாள், எங்களுக்கு முன்னால் நின்ற சீனப் பாட்டியும் சேர்ந்து சிரித்தார். அப்புறம், வரிசை ஒரு வளைவில் திரும்பும்போது, சர்வசாதாரணமாக, மெல்பர்னில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு அறைக்குள் போயிருப்போம். இங்கே போக இடமில்லை. முன்னாலும் கூட்டம், பின்னாலும் கூட்டம். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள். "அங்கே ரொம்பக் குளிராயிற்றே" என்றாள்.

வாசல் வரை போய், இருவரையும் ஏற்றிவிட்டு, நானும் மனைவியும் வெளியேறும் வழி எது என்று கேட்டோம். ஐம்பது நிமிடம் நின்றுவிட்டு ஏறாமல் திரும்பும் இரண்டு பெரியவர்களை அந்தப் பணியாளர் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குப் பிறகும் இரண்டு முறை இதே போல நின்றோம். மூன்றாம் முறை அவர் எங்களைக் கண்டதும் தானாகவே வெளி வழியைக் காட்டினார்.

வேறு இடங்களிலும் இப்படி நடக்குமா என்று பார்த்தோம். மண்டாய் விலங்கியல் தோட்டமும் நானும் 1973இல் பிறந்தவர்கள். எனக்கு அதன் மேல் பாசம் உண்டு. ஆனால் அங்கே வரிசை இல்லை. நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடந்தால் பிள்ளைகள் பத்தடி முன்னால் போய்விடுகிறார்கள், நாம் ஒராங்குட்டானிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. இரவு சஃபாரியின் டிராம் வண்டி இதமான இருட்டு. ஏறி ஐந்தாவது நிமிடத்தில் மகன் தூங்கிவிட்டான். சிங்கம் கர்ஜித்தும் எழவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் அப்பா என்னை ஹாவ் பார் வில்லா என்ற சிலைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். நரகக் காட்சிகளைக் காட்டி, பொய் சொன்னால் நாக்கை என்ன செய்வார்கள் என்று விளக்குவார். நான் அவர் கையை விடவே மாட்டேன். செலவில்லாத முறை.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி இடிக்கிறது. மின்னல் வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், பேட்டில்ஸ்டார் உட்பட. நிறுத்தத்தான் வேண்டும். அட்டைக்காரர்கள் "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று திரும்பிவிடலாம், அது வசதி. நாங்களும் ஒரு முறை அப்படித் திரும்பினோம். விவோசிட்டி கடைத்தொகுதியின் மாடியில், மனைவி கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

இந்த "இன்னொரு நாள்" இருக்கிறதே, அதில்தான் அட்டையின் விஷம் இருக்கிறது. பதினோரு மாதக் கணக்கைச் சொல்கிறேன். நான் போனது ஆறு முறை. நால்வரும் சேர்ந்து போனது மூன்று முறை. கடைசி நேரத்தில் கைவிட்டது எட்டு முறை. எட்டு முறையும் ஒரே வசனம்: "அட்டைதான் இருக்கிறதே அப்பா, அடுத்த வாரம் போகலாம்." நினைத்தபோது கிளம்பலாம் என்று வாங்கிய பொருள், நினைத்தபோது தட்டிக்கழிக்கப் பயன்பட்டது. எங்கள் நான்கு அட்டைகளில் அதிகம் உழைத்தது மகனுடையது. தன் படைப்பிரிவு நண்பர்களோடு ஐந்து முறை போய் வந்துவிட்டான். போன சனிக்கிழமை காலை, களைப்பாக இருக்கிறது, எங்களோடு வரவில்லை என்றான். மாலையில் அவன் நண்பன் ஒருவன் போட்ட படத்தில் பார்த்தால், நீலத் தடத்தின் முதல் வரிசையில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்கிறான்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று மனைவி சொல்கிறாள். இருக்கட்டும். காசுக்குப் பழுதில்லை, சில முறை போனாலே அட்டையின் விலை கழிந்துவிடும். இடம் சுத்தம், பணியாளர்கள் தங்கமானவர்கள், அந்த ஐம்பது நிமிடத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். பக்கத்து மேசைக்காரரே, வாங்காதீர்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் வாங்குங்கள்; அப்போது முடிவு உங்கள் கையில். வளர்ந்தவர்களுக்குத் தேதி குறித்த ஒருநாள் டிக்கெட்தான் சரி. ஆளுக்கு 80 வெள்ளிக்கு மேல் ஆகும், வலிக்கும். வலிக்கட்டும். வலிக்கிற டிக்கெட்டை யாரும் அடுத்த வாரத்துக்குத் தள்ளமாட்டார்கள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நான்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மகன் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். மெல்பர்ன்காரர்கள் மகளை இரண்டாம் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த நாள் என்று இன்னும் தெரியவில்லை. வேறு நாளைக்கு மாற்ற முடியாதா, பணமாவது திரும்பக் கிடைக்காதா என்று குடும்பக் குழுவில் கேட்டிருந்தாள். கிடைக்காது என்று உடனே பதில் போட்டேன். கூடவே, லாக்கருக்குச் சில்லறை நான் கொண்டுவருகிறேன் என்றும்.