சிசிஎன்ஏ 200-301: 30,000 ரூபா போட்டு எழுதலாமா? எழுதி வேலைக்கும் போனவனோட ரிவ்யூ

நான் ஈசிஇ, 2022 பாஸ் அவுட், ஊரு விருத்தாசலம் பக்கம், இப்ப சென்னைல நெட்வொர்க் எல்2ல (எல்1 ஆளுங்களால தீக்க முடியாத பிரச்சனைய பாக்குற ரெண்டாவது லெவல் சப்போர்ட்) இருக்கேன். காலேஜ் ஜூனியர்ஸ் யாராவது போன் பண்ணி "அண்ணா சிசிஎன்ஏ பண்ணா வேலை கிடைக்குமா, எவ்ளோ தருவாங்க"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் ஒரே எடத்துல முழுசா எழுதிடுறேன். சிசிஎன்ஏன்னா சிஸ்கோ கம்பெனி நடத்துற நெட்வொர்க் சர்டிபிகேட் எக்ஸாம், 200-301 அதோட கோட் நம்பர்.

மொதல்ல காசு. எக்ஸாம் ஃபீஸ் 300 டாலர், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2024 அக்டோபர்ல நான் கட்டினப்போ கிட்டத்தட்ட 30,000 போச்சு. அப்ப நான் டெஸ்க்டாப் சப்போர்ட்ல கைக்கு 13,500 வாங்கிட்டிருந்தேன், ரெண்டு மாச சம்பளம் போட்டாலும் பத்தாது, அம்மா சீட்டு எடுத்து தான் கட்டுனாங்க. ஃபெயில் ஆனா அஞ்சு நாள் கழிச்சு திரும்ப எழுதலாம், ஆனா முழு ஃபீஸும் திரும்ப கட்டணும். அதனால "ஒரு ட்ரை பண்ணி பாப்போம்"னு போய் உக்காராதீங்க.

எக்ஸாம் 120 நிமிஷம். ஒரு கேள்விய தாண்டிட்டா திரும்பி போய் மாத்த முடியாது, நம்ம செமஸ்டர் பழக்கத்துல தெரிஞ்சத மொதல்ல எழுதிட்டு மீதிய அப்பறம் பாக்குற வேலை இங்க நடக்காது. மார்க் வெயிட்டேஜ்ல ஐபி கனெக்டிவிட்டி மட்டுமே 25 சதவீதம், அதாவது ரவுட்டிங், டேட்டா எந்த வழில போகணும்னு முடிவு பண்றது. சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்க சின்ன சின்னதா பிரிக்கிற கணக்கு, பேப்பர் இல்லாம மண்டைலயே வரணும், /26ன்னா 62 ஹோஸ்ட் (அதுல சேக்கக்கூடிய டிவைஸ்), /27ன்னா 30ன்னு யோசிக்காம வாய்ல வந்தா தான் நேரம் பத்தும். 2024 ஆகஸ்ட்ல வந்த 1.1 வெர்ஷன்ல டெர்ராஃபார்ம்னு ஒரு ஆட்டோமேஷன் டூல், மெஷின் லேர்னிங்னு கொஞ்சம் சேத்திருக்காங்க, ஆட்டோமேஷன் மொத்தமே 10 சதவீதம் தான், பயப்பட ஒண்ணுமில்ல.

சிலபஸுக்கு நான் தாராளமா அஞ்சுக்கு நாலரை தருவேன். இன்னிக்கும் டெய்லி வேலைல அந்த சிலபஸ்ல வர்ற வீலேன், ட்ரங்க், ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற முறை), ஏசிஎல், நேட் இத விட்டு வெளிய போறது கம்மி.

கோச்சிங் பத்தி சொல்லியே ஆகணும். நான் மொதல்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல 45,000 கட்டி சேந்தேன், பேரு வேணாம். நூறு சதவீதம் ப்ளேஸ்மென்ட்னு போர்டு வச்சிருந்தாங்க. க்ளாஸ்ல ஒரே ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்கள நெட்வொர்க்ல இணைக்கிற பெட்டி), பதினெட்டு பேரு, சார் டைப் பண்ணுவாரு நாங்க நோட்ல எழுதுவோம். கடைசி மாசம் டம்ப்ஸ், அதாவது எக்ஸாம்ல இருந்து வெளிய வந்த கேள்வி-பதில், பிடிஎஃப்பா குடுத்து இத மனப்பாடம் பண்ணுங்கன்னாங்க, ப்ளேஸ்மென்ட்னு அனுப்புனது ப்ராட்பேண்ட் விக்கிற சேல்ஸ் இன்டர்வியூவுக்கு. வெளிய வந்து நின்னப்போ அழுகையே வந்துருச்சு, ஏன்னா அந்த 45,000 அக்கா வளையல். தயவு செஞ்சு ப்ளேஸ்மென்ட்னு சொல்லி காசு கேக்குற எடத்துல குடுக்காதீங்க.

அதுக்கப்பறம் நானே படிச்சேன். கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் கட்டி பாக்குற பேக்கெட் ட்ரேசர் சாஃப்ட்வேர் சிஸ்கோ நெட்அகாடமில ஃப்ரீ, சிசிஎன்ஏவுக்கு அதுவே தாராளம். ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் வாங்குனேன் பாருங்க, அது தான் எனக்கு வாத்தியார். வெளிர்நீல கன்சோல் கேபிள், யூஎஸ்பி கன்வெர்ட்டர், புட்டிங்கிற (PuTTY) சாஃப்ட்வேர்ல ஸ்பீட் 9600 போட்டு எண்டர் தட்டுனா கமாண்ட் அடிக்கிற அந்த ப்ராம்ப்ட் வரும். லேப்டாப்ப ஒரு போர்ட்ல சொருகுனா லைட் ஆரஞ்சுல நிக்கும், நிக்கும், அரை நிமிஷம் கழிச்சு தான் பச்சையாகும். மொதல்ல பழைய சரக்கு, போர்ட் போயிருச்சுன்னு நெனச்சேன். தேடி பாத்தா ஸ்பேனிங் ட்ரீ, லிசனிங் 15 செகண்ட், லேர்னிங் 15 செகண்ட், டேட்டா சுத்தி சுத்தி வர்ற லூப் இல்லன்னு உறுதி பண்ணிட்டு தான் ட்ராஃபிக்க விடுது. க்ளாஸ்ல ரெண்டு நாள் நடத்தியும் புரியாதது அந்த லைட்ட பாத்ததும் புரிஞ்சுது.

இப்ப சம்பளம். பாஸானதுக்கு அப்பறம் எனக்கு ரெண்டு ஆஃபர். ஒண்ணு பழைய மாதிரியே டெஸ்க்டாப் சப்போர்ட், ஜெனரல் ஷிஃப்ட், கைக்கு 18,000. இன்னொண்ணு பெருங்குடி பக்கம் நாக் (நெட்வொர்க்க நாள் பூரா கண்காணிக்கிற சென்டர்) எல்1, மூணு ஷிஃப்ட், சிடிசி (நமக்காக கம்பெனிக்கு ஆகுற மொத்த செலவு) வருஷத்துக்கு 2.4 லட்சம். 2.4ன்னா மாசம் 20,000னு கணக்கு போட்டுறாதீங்க. கம்பெனி பங்கு பிஎஃப் 1,800, நம்ம பங்கு 1,800, கிராஜுவிட்டின்னு ஒண்ணு, எல்லாம் போக கைக்கு வந்தது 15,600 சொச்சம். வீட்ல எல்லாரும் 18,000க்கே போன்னாங்க. நான் நாக் எச்ஆர் கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எல்1க்கு டிவைஸ்ல லாகின் உண்டா, இல்ல மானிட்டர் ஸ்க்ரீன பாத்து டிக்கெட் போடுறது மட்டுமா? டெக்னிக்கல் ரவுண்டுல இருந்த லீட் சொன்னாரு, மொதல் மூணு மாசம் ஷோ கமாண்ட் (பாக்க மட்டும் முடியும், மாத்த முடியாது) மட்டும், அப்பறம் ப்ராஞ்ச் ரவுட்டர்ல அப்ரூவலோட கான்ஃபிக் பண்ணலாம்னு. அதுக்காகவே சேந்தேன்.

அஞ்சாவது மாசம், நைட் ஷிஃப்ட், மணி ரெண்டே முக்கால் இருக்கும். ஒரு ப்ராஞ்ச்ல சர்வீஸ் ப்ரொவைடர மாத்துனாங்க, லிங்க் அப், பிங் போகுது, ஆனா ஓஎஸ்பிஎஃப் நெய்பர், அதாவது பக்கத்து ரவுட்டரோட உறவு, எக்ஸ்ஸ்டார்ட்ங்கிற பாதி கட்டத்துலயே தொங்கிட்டு நிக்குது. எல்2 அக்காவுக்கு போன் போட்டேன். தூக்கத்துல இருந்தாங்க, ஆனா கோவப்படல, "ரெண்டு பக்கமும் எம்டியூ பாத்தியாடா தம்பி"ன்னு மட்டும் கேட்டாங்க. எம்டியூன்னா ஒரு தடவைல போகக்கூடிய பேக்கெட்டோட அதிகபட்ச சைஸ், ஒரு பக்கம் 1500, இன்னொரு பக்கம் 1400. அப்ரூவல் வாங்கி மாத்துனேன், கொஞ்ச நேரத்துல ஃபுல்னு, அதாவது முழுசா சேந்துடுச்சுன்னு வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு அடுத்த கம்பெனி இன்டர்வியூல இந்த கதைய அப்படியே சொன்னேன், பேனல்ல இருந்தவரு நோண்டி நோண்டி கேட்டாரு, பதில் இருந்துச்சு. இப்ப கைக்கு 36,000. அந்த 18,000 வேலைக்கு போயிருந்தா ப்ரிண்டர் பேப்பர் ஜாம் கதை தான் சொல்லிருப்பேன். அது கேவலமான வேலை இல்ல, நானே ஒன்றரை வருஷம் பண்ணிருக்கேன், ஆனா அதுல இருந்து நெட்வொர்க்குக்கு தாண்டுறதுக்கு ஆள ரொம்ப காக்க வைக்கும்.

சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட் கேக்குற எடத்துக்கும், ரெண்டு வருஷ பாண்டுக்கும் கையெழுத்து போடாதீங்க. தேர்ட் பார்ட்டி பேரோல்னா தப்பில்ல, பிஎஃப் ஒழுங்கா கட்டுறாங்களான்னு மட்டும் மாசா மாசம் பாஸ்புக்ல பாருங்க. நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்ளோன்னு ஆஃபர் லெட்டர்லயே எழுதி வாங்குங்க, வாய்ல சொன்னது எனக்கு வரவே இல்ல.

சர்டிபிகேட் மூணு வருஷம் தான் செல்லும், எனக்கு 2027 அக்டோபர் வரைக்கும். அதுக்குள்ள சிஸ்கோவோட அடுத்த லெவல் எக்ஸாமான என்கோர் 350-401 பாஸ் பண்ணா சிசிஎன்ஏவும் சேந்து ரினியூ ஆயிடும், 400 டாலர், இந்த தடவ என் சம்பளத்துலயே கட்டுறேன். அதுக்கு ஈவ்-என்ஜிங்கிற சாஃப்ட்வேர்ல லேப் ஓட்டிட்டிருக்கேன், அதனால அந்த 2960 கட்டிலுக்கு கீழ சும்மா தான் கெடக்கு. நம்ம காலேஜ் பசங்க யாராவது சென்னைல தங்கி படிக்கிறீங்கன்னா ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டு போங்க, கன்சோல் கேபிளும் தர்றேன், பாஸ் ஆனதும் அடுத்த ஆளுக்கு குடுத்தா போதும்.