டோவோ 5/8 மடக்குச் சவரக்கத்தி: கத்தியை வாங்கலாம், செட்டாக வேண்டாம்

ஜெர்மனியின் சோலிங்கனில் 1906-இல் தொடங்கிய டோவோ, மடக்குச் சவரக்கத்திக்குப் பேர்போன நிறுவனம். அதன் கார்பன் எஃகு 5/8 கத்தி, முதல் கத்தியாக வாங்க ஏற்றது. 5/8 என்பது வாயிலிருந்து (வெட்டும் விளிம்பு) முதுகு வரையிலான அகலம், அங்குலக் கணக்கில். சுமார் 16 மி.மீ. 4/8 கத்தியில் நுரை சீக்கிரம் நிறைந்து வழியும். 7/8 மூக்கடியில் நுழைய மறுக்கும். முனை உருண்டையாக உள்ளதையே எடுங்கள். கூர்முனை காதுமடலைப் பதம் பார்த்துவிடும்.

பக்கவாட்டில் குழித்துத் தீட்டியிருப்பதால் வாய்ப்பகுதி மிக மெல்லிசு. முடியை வெட்டும்போது சன்னமாகக் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் கோணம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கார்பன் எஃகு சுலபமாகக் கூர் ஏறும். துருவும் அதே வேகத்தில் ஏறும். குழாயடியில் முழுதாக நனைக்காதீர்கள். கைப்பிடி ஆணிக்குள் போன தண்ணீர் லேசில் வெளியே வராது. துடைத்து, காயவிட்டு, பிறகு மடக்குங்கள். சில நாள் தொடப்போவதில்லை என்றால் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

ஆலையிலிருந்து வரும் கூர், எந்தக் கத்தியானாலும் சவரத்துக்குப் போதும் என்று நம்பி முகத்தில் வைக்க வேண்டாம். கைமுடிக்கு மேலாக, தோலைத் தொடாமல் கத்தியை ஓட்டிப் பாருங்கள். முடி அறுபடாமல் வளைந்து கொடுத்தால் சாணை தேவை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படும்படி, கல்லின் சொரசொரப்பு எண் 1000-இல் தொடங்கி 4000, 8000, 12000 என ஏற வேண்டும் (எண் கூடக்கூடக் கல் நைசு). முதுகின் கனமே கோணத்தைத் தீர்மானிப்பதால் தனிக் கருவி வேண்டாம். ஆனாலும் முதல் சாணையைச் சவரக்கத்தி தீட்டிப் பழகியவரிடம் விடுவதே மேல். சமையல் கத்திக்குச் சக்கரச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். அப்புறம் அது கடிதம் பிரிக்கத்தான் உதவும்.

கத்தியோடு வார் (கூரைச் சீராக்கும் தோல்பட்டை), வாரில் தடவும் பசை, பிரஷ் எல்லாம் சேர்த்து விற்கும் செட்டுகளில் கோளாறு பெரும்பாலும் வாரில்தான். 2 அங்குல அகலத்தில் குட்டையாக இருந்தால் தவிர்த்துவிட்டு, 3 அங்குல அகலமும் பின்புறம் கித்தானும் உள்ளதைத் தனியே வாங்குங்கள். அதுவும் மலிவானதாக இருக்கட்டும். பழகும்போது முதல் வாரை எப்படியும் கீறுவோம். கித்தானில் 20 முறை, தோலில் 40 முதல் 50 முறை போதும். முதுகு முன்னே போக, வாய் பின்னே இழுபட வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகின் மேல் உருட்டுங்கள். வாய்மேல் உருட்டினால் தோலும் கிழியும், கூரும் மடங்கும். வாரைத் தொய்யவிட்டால் வாய் உருண்டு மழுங்கும். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். செட்டில் வரும் பசையைத் தினமும் தடவத் தேவையில்லை. அளவு மீறினால் அதுவும் வாயை உருட்டிவிடும்.

சவரத்துக்குக் கோணம் சுமார் 30 பாகை. முதல் சில வாரம் கன்னம் மட்டும், முடி வளரும் போக்கிலேயே. மோவாய்க்கும் மேலுதட்டுக்கும் பழைய ரேசரே இருக்கட்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிப்பதுதான் பாதி வேலை. தளர்ந்த தோலில் கத்தி தத்தித் தத்திப் போகும். கத்தியைப் படுக்கவிட்டால் முடியை இழுக்கும், நிமிர்த்தினால் தோலைச் சுரண்டும். இழுக்கிறதே என்று அழுத்துவதுதான் பெரும்பாலான வெட்டுக்குக் காரணம். கூர் போதவில்லையா, நுரை காய்ந்ததா என்று முதலில் பாருங்கள். வாயின் நீளவாக்கில் மட்டும் ஒருபோதும் நகர்த்தாதீர்கள். சிறு கீறலுக்கு ஈரப் படிகாரம் போதும்.

பிளேடு மாற்றும் வகைக் கத்தியில் தொடங்கினால் எளிது என்பார்கள். வாரும் கல்லும் மிச்சம் என்பது சரிதான். ஆனால் அந்த பிளேடு கோணப் பிழையைத் துளியும் பொறுக்காது. அதில் பழகிய கைக்கும் வார் பிடிப்பது புதிதாகவே இருக்கும்.

பார்சல் வந்ததும் கத்தியை மடக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாய் கைப்பிடியின் நடுவில் இறங்க வேண்டும். பக்கத்தில் உரசினால் மூடும்போதெல்லாம் கூர் சிதையும். அப்படியிருந்தால் வாரில் வைக்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.